உடலை எறிந்துவிட்டு நகையை வைத்துக்கொண்டார்கள்

1859 பிப்ரவரி. எகிப்தின் லக்சருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில் திரா அபு அல்-நாகா என்கிற இடத்தில் தோண்டிக்கொண்டிருந்த கூலியாட்கள் தங்கத் தகடு போர்த்திய ஒரு சவப்பெட்டியைக் கண்டெடுத்தார்கள். மேலே ராணி ஆஹோத்தெப் என்று எழுதியிருந்தது. தோண்டச் சொல்லியிருந்த பிரெஞ்சு அகழாய்வாளர் மரியெத் அப்போது அங்கே இல்லை. கெனா மாகாண ஆளுநர் பெட்டியைக் கைப்பற்றி, மம்மியின் துணிச்சுற்றைப் பிரித்து, நகைகளை எடுத்துக்கொண்டார். உடலை எறிந்துவிட்டார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரமாக இருந்த ஒரு பெண்ணின் உடல், ஒரே நாளில் குப்பை.

மரியெத் விஷயம் தெரிந்து நீராவிப் படகில் துரத்திப்போய், ஆற்றிலேயே ஆளுநரின் படகை மறித்து நகைகளை மீட்டார். அப்புறம் 1867 பாரிஸ் கண்காட்சிக்கு அவை போனபோது பிரெஞ்சுப் பேரரசி யூஜினி அவற்றைத் தனக்கே கேட்டார், மரியெத் மறுத்துவிட்டார். இதெல்லாம் எல்லோரும் விரும்பிச் சொல்லும் கதை. எனக்கு ஒவ்வொரு முறை படிக்கும்போதும் மனம் நிற்பது அந்த எறியப்பட்ட உடலிடம்தான்.

ஏன் என்றால், ஆஹோத்தெப் என்ற பெயரில் ஒரு ராணியா இரண்டு ராணிகளா என்று இன்றுவரை ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். 1881-இல் தெய்ர் அல்-பஹ்ரியில் அரச மம்மிகளை மொத்தமாக ஒளித்துவைத்திருந்த குகையில் இன்னொரு பெரிய சவப்பெட்டி கிடைத்தது. அதிலும் ஆஹோத்தெப் பெயர்தான், கூடவே ‘அரசனின் தாய்’ என்ற பட்டமும். நகை கிடைத்த முதல் பெட்டியில் அந்தப் பட்டம் இல்லை. சரி, இரண்டாவது பெட்டிக்குள்ளாவது அவர் இருந்தாரா? இல்லை. உள்ளே கிடந்தது பல நூற்றாண்டுகள் பிந்தைய பினெஜெம் என்பவரின் உடல். முதல் பெட்டியில் இருந்த எலும்புகளை வைத்திருந்தால் வயதாவது தெரிந்திருக்கும், பிள்ளை பெற்ற உடலா என்றாவது பார்த்திருக்கலாம். தங்கத்தால் அதையெல்லாம் சொல்ல முடியாது.

இணையத்தில் அவர் படம் என்று வருவது எல்லாம் குத்துவாளும் கோடரியும் ஏந்திய ‘போர் ராணி’. அந்தக் குத்துவாளும் கோடரியும் உண்மையிலேயே அந்தப் பெட்டியில் கிடைத்தவைதான், ஆனால் இரண்டிலும் இருப்பது அரசன் அஹ்மோஸின் பெயர். சங்கிலியில் கோத்த மூன்று பெரிய தங்க ஈக்களும் இருந்தன. எத்தனை முறை விரட்டினாலும் திரும்ப வந்து உட்காரும் ஈ, அதனால் அது வீரத்துக்கான விருது என்று விளக்கம் சொல்கிறார்கள். அழகான விளக்கம்தான். ஆனால் இந்த மூன்று பொருளை வைத்து அவரைக் களத்தில் வாள் சுழற்றியவராக வரைவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் செய்ததாகக் கல்லிலேயே வெட்டிவைத்திருக்கும் காரியம் அதைவிடப் பெரியது, அதை யாரும் பகிர்வதில்லை.

அஹ்மோஸின் தாய் ஆஹோத்தெப்பைத்தான் சொல்கிறேன், இதில் எந்தக் குழப்பமும் இல்லை. அவர் வாழ்ந்த காலத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கி.மு. 1550-ஐ ஒட்டிய ஆண்டுகள். வடக்கே டெல்டாவில் அவாரிஸ் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு வெளியிலிருந்து வந்த ஹிக்சோஸ் அரசர்கள் ஆள்கிறார்கள், தெற்கே நூபியாவில் குஷ் அரசு, நடுவில் நசுங்கிக்கொண்டு தீப்ஸ், அதாவது இன்றைய லக்சர். கணவர், தீப்ஸ் அரசர் செக்கனென்ரே வெட்டுப்பட்டுச் சாகிறார். அவருடைய மம்மி நம்மிடம் இருக்கிறது, மண்டை ஓட்டில் கோடரி வெட்டுகள் அப்படியே தெரிகின்றன. கைகளைக் கட்டிவைத்துக் கொன்றிருக்கிறார்கள் என்று 2021-இல் வெளியான சி.டி. ஸ்கேன் ஆய்வு சொல்கிறது. உடலை ஒழுங்காகப் பதப்படுத்தக்கூட நேரம் இருந்ததாகத் தெரியவில்லை. அடுத்து அரசரான காமோஸ் ஹிக்சோஸுக்கு எதிரான போரைத் தொடர்கிறார், மூன்றாம் ஆட்சியாண்டுக்குப் பிறகு அவரைப் பற்றிய பதிவே இல்லை. அரியணைக்கு மிச்சம் இருப்பது அஹ்மோஸ், சுமார் பத்து வயதுப் பையன்.

அரசர்கள் அடுத்தடுத்துச் செத்த ஊரில் படை என்ன ஆகும்? பாதிப் பேர் ஓடியிருப்பார்கள். ஓடாதவன் அடுத்த அரசன் நான்தான் என்று கிளம்பியிருப்பான்.

அஹ்மோஸ் பெரியவனாகி, ஹிக்சோஸை விரட்டி, எகிப்தை மறுபடி ஒன்றாக்கிய பிறகு கர்னாக் கோயிலில் ஒரு கல் நாட்டினார். அமுன் கடவுளுக்குக் கொடுத்த காணிக்கைப் பட்டியலும் தன் புகழும் எழுதிய அந்தக் கல்லின் நடுவில், நாட்டின் தலைவியைப் போற்றுங்கள் என்று தன் தாயைப் பற்றி மக்களிடம் சொல்கிறார். படைவீரர்களைக் கவனித்துக்கொண்டவர், தப்பி ஓடியவர்களைத் திரும்பக் கொண்டுவந்தவர், படையை விட்டுப் போனவர்களை ஒன்றுசேர்த்தவர், மேல் எகிப்தை, அதாவது தெற்குப் பகுதியை, அமைதிப்படுத்தியவர், கலகக்காரர்களை விரட்டியவர். இதுதான் அந்த வரிகளின் சாரம்.

ஓடிப்போனவர்களைத் திரும்பக் கொண்டுவந்தவர்! இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளப் பதிவு. பயந்து ஓடியவனைத் தேடிப் பிடித்து, திரும்ப வா, உனக்குச் சோறு இருக்கிறது, தலைவன் இருக்கிறான் என்று அவன் நம்பும்படி செய்வது எவ்வளவு பெரிய வேலை. தாலி அறுந்த துக்கத்தில், கையில் ஒரு சின்னப் பையனை வைத்துக்கொண்டு அதைச் செய்திருக்கிறார். எகிப்தின் புதிய அரசுக் காலம் என்று நாம் கொண்டாடும் துட்டன்காமூன், ராம்செஸ் எல்லாமே அஹ்மோஸுக்குப் பிறகு வந்ததுதான். அந்த அஹ்மோஸ் ஆள வளரும்வரை படை கலையாமல் பார்த்துக்கொண்டவர் இவர். பள்ளிப் பாடத்தில் கிளியோபாட்ரா வருகிறார், நெஃபர்டிட்டி சிலை சுவரொட்டியில்கூட வருகிறது. இவர் எங்கேயும் இல்லை, வந்தாலும் கையில் மகனின் கோடரியோடு வருகிறார்.

இன்னொரு கல் இருக்கிறது. காரெஸ் என்பவருடையது, ஆஹோத்தெப்பின் மாளிகை நிர்வாகி. அரசனின் தாயிடம் வேலை பார்த்ததைப் பெருமையாக எழுதிவைத்திருக்கிறார். அதில் உள்ள தேதி, பேரன் முதலாம் அமென்ஹோத்தெப்பின் பத்தாம் ஆட்சியாண்டு.