முடிச்சுன்னா நிக்கணும்ல?

போன ஞாயித்துக்கிழமை காலையில ஏற்காடு ரோட்டுல, ஏழாவது கொண்டை ஊசி வளைவுல, ஒரு கறுப்புத் தண்ணித் தொட்டி உருண்டு போனதைப் பார்த்தவங்க இருந்தா, அது என்னோடதுதான். மன்னிச்சுக்கங்க. பின்னால வந்த பைக்குக்காரர் திட்டினதையும் ஏத்துக்கறேன்.

நாகலூர்ல மாமியார் வீட்டுக்கு 500 லிட்டர் தொட்டி. குட்டியானை பிடிச்சாச்சு. சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடையில "நல்ல நைலான் கயிறா குடுங்க"ன்னு கேட்டேன். பளபளன்னு பச்சைக் கயித்தை நிறுத்துக் குடுத்தாங்க. டிரைவர் அண்ணன் கட்டினார். நானும் இழுத்துப் பார்த்தேன், கல்லு மாதிரி நின்னுச்சு. அடிவாரம் வரைக்கும் கல்லுதான். அப்புறம் வளைவுக்கு வளைவு வண்டி குலுங்க, முடிச்சு இளகிருச்சு. கயிறு அறுந்திருந்தாக்கூட மனசு ஆறும். ஒரு பிசிறு இல்லைங்க! பாம்பு சட்டையை உரிச்ச மாதிரி உருவிக்கிட்டு வந்திருக்கு.

டிரைவர் சொல்றார், "கயிறு சரியில்லீங்க." கடைக்காரர் சொல்றார், "கட்டத் தெரியலீங்க."

வீட்டுக்கு வந்து ஒரு துண்டை வாளித் தண்ணியில போட்டேன். மிதக்குது! நைலான்னா முழுகணும்யா. மிதந்தா அது பாலிப்ரொப்பிலீன், இல்லைன்னா அதோட பங்காளி பாலிஎத்திலீன். மெழுகு தடவின மாதிரி வழவழப்பு, போதாததுக்கு விறைப்பு. முடிச்சு போட்டா நிமிரத்தான் பார்க்கும். வெயில்ல கெடந்தா பொடிப்பொடியா உதிரும். (நெஜ நைலானுக்கும் வேற கோளாறு. பாரம் ஏறினா நீளும்.) இத்தனையையும் 'நைலான்'னு ஒரே பேர்ல விக்கறாங்க. சங்ககிரிப் பக்கம் தெருவுக்குத் தெரு லாரி நிக்கிற மாவட்டத்துல!

சென்னையில பாய்மரப் படகு ஓட்டற மச்சான்கிட்ட பொலம்பினா, அவன் சிரிக்கறான். அவங்க படகுல டைனீமான்னு ஒரு கயிறாம். அதே எடை இரும்புக் கம்பியை விடப் பலமடங்கு வலு, ஆனா விலாங்கு மீனு. சாதா முடிச்சு போட்டா பாரம் ஏறுனதும் நழுவிரும். நழுவாம நின்னாலும் முடிச்சு விழுந்த எடத்துல பாதி வலு போயிருமாம். அதனால நுனியைக் கயித்து வயித்துக்குள்ளேயே நீளமா நுழைச்சுக் கண்ணி பண்றாங்க. இழுக்க இழுக்க வெளிக்கயிறு உள்கயித்தை இறுக்கிக்கும். பாரமே இல்லாதப்ப நழுவிறக் கூடாதுன்னு மேல நூல் போட்டுத் தைக்கவும் செய்றாங்க. கப்பியை மாட்டறதுக்கு மெல்லிசுக் கயித்தை ஏழெட்டுச் சுத்து சுத்தறது, பாரத்தை எல்லாச் சுத்தும் பங்கு போட்டுக்கும்.

கேக்கக் கேக்க எனக்கு வயிறு எரியுது. நாம போடற முடிச்செல்லாம் தேங்காநார்க் கயித்துக்குப் பொறந்தது. நாரு சொரசொரன்னு இருக்கும், ரெண்டு சுத்துலயே ஒண்ணை ஒண்ணு கவ்விக்கும். கயித்தை மாத்தினவங்க முடிச்சையும் மாத்தச் சொல்லணுமா இல்லையா? வாலை ஒரு சாண் நீளமா விடு, ஒரு முடிச்சுக்கு மூணு முடிச்சா போடுன்னு விக்கறப்பவே சொன்னா வாய் வலிச்சிருமா?

தொட்டியில விரல் நுழையற விரிசல். மாமியார் அதுல கறிவேப்பிலை நடலாம்ங்கறாங்க. மிச்சக் கயித்தைத் தூக்கிக்கிட்டுக் கடைக்குப் போனேன்.

"வெட்டின கயித்தை வாபஸ் எடுக்கறதில்லீங்க."