காஃப்காவின் சீட்டுகளைக் கவிதையாக்காதீர்கள்

எழுத்தாளர் காஃப்காவின் நினைவு நாளான ஜூன் 3 வந்தால் போதும், அவர் தன் கடைசி நாட்களில் எழுதிய துண்டுச் சீட்டுகள் முகநூலில் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒரு பூங்கொத்துப் படம், கீழே ஒரு வரி, அதற்கு ஏகப்பட்ட இதயக்குறிகள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்த மனிதர் கவிதை எழுத உட்காரவில்லை. முடிந்தவரை பேசாதீர்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டதால், குடிக்க எதுவும் வேண்டுமென்றாலும் எழுதித்தான் கேட்டார்.

1917இல் அவருக்கு நுரையீரல் காசநோய் இருப்பது தெரிந்தது. 1924 வசந்தத்தில் குரல் கம்மியது. வியன்னாவில் பார்த்தபோது நோய் குரல்வளைக்கு வந்திருந்தது. இருமும்போது கிருமியுள்ள சளி அந்த வழியாகத்தானே வெளியே வருகிறது! அங்கே புண்ணும் வீக்கமும் வந்துவிட்டால் குரல்நாண்கள் சரியாகச் சேராது. முதலில் கரகரப்பு, அப்புறம் வெறும் காற்றுதான். குரல்வளை மூடியும் வீங்கினால் எச்சில் விழுங்குவதே வேதனை. வலியை மரக்கச் செய்ய நரம்பில் ஆல்கஹால் ஊசி போட்டார்கள். அன்றைய மருத்துவத்தால் முடிந்தது அவ்வளவுதான். பட்டினி கிடப்பதையே தொழிலாகக் கொண்டவனைப் பற்றிய தன் கதைக்கு அவர் அச்சுப் பிழை திருத்தியது, சாப்பிட முடியாமல் கிடந்த அந்த வாரங்களில். வியன்னா பக்கத்தில் கீர்லிங் என்ற ஊரின் சானடோரியத்தில் இறந்தபோது வயது 40. காசநோய்க்குப் பலன் தந்த முதல் ஆன்டிபயாட்டிக்கான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943இல்தான்.

இன்று நிலைமை வேறு. மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாத மாத்திரை, நம் அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆனால் தொண்டை கட்டினால் நாம் என்ன செய்கிறோம்? மிளகுப்பால், பனங்கற்கண்டு, மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு ஆன்டிபயாட்டிக். மாதக்கணக்கில் இப்படியே ஓட்டுகிறோம். பாட்டு வாத்தியாரும் டீச்சரும் மட்டும்தான் குரலுக்குப் பயப்பட வேண்டும் என்று ஒரு நினைப்பு வேறு. அது குரல்வளைக் காசநோயாக இருந்தால் இருமலில் சுலபமாகப் பரவும், வீட்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் ஆபத்து.

மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்வளையைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்வைக்குக் குரல்வளைக் காசநோய் புற்றுநோய் போலவே இருக்கலாம், அதனால் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னால் பதறாதீர்கள். சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் கூடவே எடுத்துவிடலாம். சிகிச்சையில் பெரும்பாலானவர்களுக்குக் குரல் திரும்பிவிடும். ரொம்பத் தாமதித்துப் போனவர்களுக்கு மாத்திரை நோயைத்தான் தீர்க்கும், புண் ஆறிய இடத்தில் தழும்பு இறுகி, கரகரப்பு நிரந்தரமாகத் தங்கிவிடலாம்.