பிதாவுக்கு உடல் இல்லை. சரி, குமாரனுக்கு?

கடவுளுக்கு உடல் உண்டா என்று ஒரு கிறிஸ்தவரிடம் கேட்டால், அடுத்த நொடியே யோவான் 4:24 வந்து விழும். 'தேவன் ஆவியாயிருக்கிறார்.' ஆவிக்கு ஏது உடல், கதை முடிந்தது. ஞாயிறு பள்ளியில் இதைச் சொல்லித்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். பதிலில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அது பாதிப் பதில். மீதிப் பாதியைப் போதகர்களும் அதிகம் தொடுவதில்லை, நாமும் கேட்பதில்லை.

முதல் பாதியைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். வேதத்தில் கடவுளுக்குக் கை, கண், காது, முகம் எல்லாம் வருகின்றன. ஏதேன் தோட்டத்தில் குளிர்ச்சியான வேளையில் உலாவுகிறார். யாத்திராகமம் 33ஐ எடுங்கள். 11ஆம் வசனத்தில் ஒருவன் தன் சிநேகிதனோடு பேசுவதுபோல மோசேயோடு முகமுகமாய்ப் பேசுகிறார். ஒன்பதே வசனம் தள்ளி, என் முகத்தைக் கண்டு ஒரு மனிதனும் உயிரோடிருக்க முடியாது என்கிறார். அதிகாரம் முடியும்போது, பின்பக்கத்தை மட்டும் பார்ப்பாய் என்று மோசேக்குச் சொல்லப்படுகிறது. எழுதிய கைக்கு இந்த முரண் தெரியாமலா இருந்திருக்கும்? முகத்தை உடலுறுப்பாக எடுத்துக்கொண்டால் அந்த அதிகாரம் தன்னோடு தானே மோதிக்கொள்ளும். நெருக்கம் என்று எடுத்துக்கொண்டால் மோதாது. அப்புறம் சங்கீதம் 91 இருக்கிறது, சிறகுகளாலே உன்னை மூடுவார் என்று. கையை அப்படியே கையாக எடுத்துக்கொள்கிறவர் சிறகையும் சிறகாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இறகு முளைத்த பிதாவை நம்புகிற யாரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

இவ்வளவு தெளிவான விஷயத்தில் என்ன குழப்பம் என்று தோன்றும். ஆனால் ஆரம்ப நூற்றாண்டுகளில் இது யாருக்கும் அவ்வளவு சுலபமாகப் பிடிபடவில்லை. திரித்துவத்துக்கு லத்தீனில் சொல் தந்த தெர்த்துல்லியனே, கடவுள் ஆவியாக இருந்தாலும் அவரும் ஒருவகையில் உடல்தான், ஆவி என்பது தனக்கே உரிய விதத்தில் ஓர் உடல் என்று எழுதியிருக்கிறார். உடலாக இல்லாத எதுவும் உண்மையில் இருக்க முடியாது என்ற, ஸ்தோயிக்கர்கள் எனும் கிரேக்கத் தத்துவவாதிகளின் எண்ணம் அவர் காலத்துப் படிப்பாளிகளிடம் ஊறிப்போயிருந்தது. பின்னாளில் பெரிய இறையியலாளரான அகுஸ்தீனும் இளம் வயதில் இதில் மாட்டிக்கொண்டார். உங்கள் கடவுளுக்கு முடியும் நகமும் உண்டா என்று மானிக்கேயர்கள் (ஒளி, இருள் என இரண்டு சக்திகளை நம்பிய மதத்தார்) கேலி செய்தபோது அவரிடம் பதில் இல்லை. மிலானில் ஆயர் அம்புரோசின் பிரசங்கங்களைக் கேட்ட பிறகுதான், சபை அப்படி நம்பவே இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. 387இல் ஞானஸ்நானம் பெற்றார்.

இந்த வரலாற்றில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது எகிப்துப் பாலைவனத்தில் நடந்தது. 399இல் அலெக்சாந்திரியா ஆயர் தியோபிலஸ், கடவுளுக்கு மனித உருவம் உண்டு என்று நினைப்பது தவறு என்று சபைகளுக்குக் கடிதம் அனுப்பினார். துறவிகள் பலர் கொதித்துப்போனார்கள். மனிதன் தேவசாயலில் படைக்கப்பட்டான் என்றால் தேவனுக்குச் சாயல் இருக்கத்தானே வேண்டும் என்பது அவர்கள் வாதம். அவர்களில் செராபியோன் என்றொரு வயதான துறவி. கப்பதோக்கியாவிலிருந்து வந்த ஒரு டீக்கன் (சபை உதவி ஊழியர்) பொறுமையாக எடுத்துச் சொல்ல, கிழவர் ஏற்றுக்கொண்டார். எல்லோருக்கும் சந்தோஷம், எழுந்து ஜெபிக்கத் தொடங்கினார்கள். ஜெபத்தின் நடுவே அவர் தரையில் விழுந்து அழுதார். என் கடவுளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், பற்றிக்கொள்ள யாருமில்லை, இனி யாரைத் தொழுவதென்று தெரியவில்லை என்று. அப்போது அங்கே இருந்த ஜான் காசியன் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

தியோபிலஸ் என்ன செய்தார் தெரியுமா? துறவிகள் கூட்டமாக வந்து மிரட்டியதும், உங்களைப் பார்ப்பது கடவுளின் முகத்தைப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்று குழைந்து, கட்சி மாறிவிட்டார். அடுத்த வேலையாக, கடவுளுக்கு உருவமில்லை என்று சொன்ன துறவிகளையே விரட்டினார். அரசியல்வாதி என்றைக்கும் அரசியல்வாதிதான், விடுங்கள்.

செராபியோனுக்கு வருகிறேன். அவரைப் படிக்காத கிழவர் என்று ஒதுக்குகிற விளக்கங்களைப் படித்திருக்கிறேன். எனக்கு ஒப்பவில்லை. பற்றிக்கொள்ள ஒரு முகம் வேண்டும் என்று அவர் கேட்டது கிறிஸ்தவத்துக்கு விரோதமான ஆசையே இல்லை. அந்த முகத்தைப் பிதாவிடம் தேடினார், அவ்வளவுதான் பிரச்சினை. அவருக்கு விளக்கம் சொன்ன டீக்கன், இல்லை என்பதை மட்டும் நிரூபித்துவிட்டு, இருப்பது எங்கே என்று காட்டாமல் விட்டுவிட்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இருப்பது குமாரனிடம். வார்த்தை மாம்சமானார் என்கிறது யோவான் 1:14. இதுவரைக்கும் எல்லோரும் தலையாட்டுவோம். உயிர்த்தெழுந்த பிறகு? லூக்கா 24ஐ மெதுவாகப் படியுங்கள். சீஷர்கள் ஆவியைக் கண்டதாக நினைத்து நடுங்குகிறார்கள். என்னைத் தொட்டுப்பாருங்கள், ஒரு ஆவிக்கு மாம்சமும் எலும்புகளும் இராதே என்கிறார். அப்படியும் அவர்கள் நம்பாமல் நிற்க, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, பொரித்த மீன் துண்டை வாங்கி அவர்கள் கண்ணெதிரே சாப்பிடுகிறார். அந்த உடலோடுதான் பரமேறினார்.

இந்த இடத்தில்தான் நம் மனதில் ஒரு தந்திரம் நடக்கிறது. மேகம் மறைத்ததும், வேலை முடிந்த சட்டையைக் கழற்றிப் போடுவதுபோல் அந்த உடலைக் கழற்றிவிட்டு அவர் மறுபடி வெறும் ஆவியாகிவிட்டார் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் அப்படித்தான் ஜெபிக்கிறோம். சபை இதை ஒருநாளும் ஏற்றதில்லை. 4ஆம் நூற்றாண்டிலேயே ஆயர் நசியான்சின் கிரகோரியார் ஒரு கடிதத்தில், மாம்சத்தை இப்போது அவர் கழற்றிவிட்டார் என்று சொல்கிறவன் அவருடைய வருகையின் மகிமையைக் காணாமல் போகட்டும் என்று கடுமையாக எழுதினார். அந்த உடலைச் சூரியனில் வைத்துவிட்டுப் போனார் என்றுகூட அன்றைக்குச் சிலர் சொல்லித் திரிந்திருக்கிறார்கள், அதையும் அதே கடிதத்தில் கிண்டல் செய்கிறார். பரமேறி எத்தனையோ வருடம் கழித்து எழுதப்பட்ட 1 தீமோத்தேயு 2:5, மத்தியஸ்தர் 'மனுஷனாகிய கிறிஸ்து இயேசு' என்கிறது. மனுஷனாயிருந்த என்று இல்லை. 451இல் ஆயர்கள் கூடிய கால்சிதோன் சங்கமும் மெய்யான கடவுள், மெய்யான மனிதர், ஒரே ஆள் என்றுதான் வரையறுத்தது. காலாவதித் தேதி எதையும் போடவில்லை.

ஆக, இயல்பிலே கடவுளுக்கு உடல் கிடையாது. ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் முதலாவதே, உடலும் உறுப்புகளும் இல்லாதவர் என்று சொல்லிவிடுகிறது. ஆனால் குமாரன் எடுத்துக்கொண்ட உடல் அவருடையது, அவர் கடவுள், அதை இன்னும் வைத்திருக்கிறார். இரண்டையும் சேர்த்துச் சொல்லாதவரை நம் பதில் யூதர்களும் இஸ்லாமியர்களும் சொல்லக்கூடிய பதில்தான். அவர்களும் கடவுளுக்கு உடல் இல்லை என்றுதானே சொல்கிறார்கள்!

மார்மோன்களைக் கேட்காமல் விட்டால் அந்தப் பக்கம் வருத்தப்படும். 1843இல் அவர்களுடைய சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித், பிதாவுக்கும் மனிதனைப்போலத் தொட்டுணரக்கூடிய மாம்சமும் எலும்பும் உண்டு என்று போதித்தார். மற்ற சபைகள் ஏற்கவில்லை, எனக்கும் ஏற்பில்லை. பிதாவுக்கே உடல் இருந்திருந்தால் பெத்லகேமில் நடந்ததில் புதுமை என்ன இருக்கிறது?

சரி, அந்த உடல் இப்போது எங்கே? கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். 1529இல் ஜெர்மனியின் மார்பர்க்கில், இரவுணவு அப்பத்தில் கிறிஸ்துவின் உடல் இருக்கிறதா என்று விவாதித்த சீர்திருத்தக்காரர்கள் உடைந்ததே இதில்தான். 'இது என் சரீரம்' என்று மேசையில் சாக்பீஸால் லத்தீனில் எழுதி வைத்துக்கொண்டு லூத்தர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். உடல் என்றால் ஓரிடத்தில்தான் இருக்கும், அது பிதாவின் வலதுபாரிசத்தில் இருக்கிறது என்றார் சுவிஸ் சீர்திருத்தக்காரர் ஸ்விங்ளி. வலதுபாரிசம் என்பது ஓர் இடமே அல்ல, கடவுளின் வலதுகை எங்கும் இருக்கிறது, கிறிஸ்துவின் உடலும் அப்படி இருக்க முடியும் என்பது லூத்தர் தரப்பு. இரவுணவைப் பொறுத்தவரை லூத்தரின் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் எங்கும் நிறைந்த ஒன்றை உடல் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. லூத்தரன் நண்பர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம். பூட்டிய கதவுக்குள் வந்து நின்ற உடலல்லவா என்று கேட்பீர்கள், தெரியும். வரும்போது அந்த மீன் துண்டுக்கும் சேர்த்துப் பதில் கொண்டுவாருங்கள்.