விலையே இல்லாத ஏகபோகம்

ஏகபோகம் என்றதும் நாம் விலையைத்தான் பேசுகிறோம். போட்டியில்லாத நிறுவனம் விலையை ஏற்றும் என்பது உண்மையே. ஆனால் பயனரிடம் ஒரு காசும் வாங்காத நிறுவனம் ஜனநாயகத்தை எவ்வளவு நெருக்க முடியும் என்பதை 2021 பிப்ரவரியில் ஆஸ்திரேலியா கண்டது.

ஃபேஸ்புக்கும் கூகுளும் செய்தி நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும் என்ற மசோதா கீழவையில் நிறைவேறிய கையோடு, பிப்ரவரி 18 அன்று, ஃபேஸ்புக் அந்நாட்டில் செய்திகளை அடியோடு நிறுத்தியது. கொரோனா தடுப்பூசித் திட்டம் தொடங்கச் சில நாட்களே இருந்த அந்த வேளையில், மாநிலச் சுகாதாரத் துறைகள், வானிலை மையம், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றின் பக்கங்களும் வெறுமையாயின. அவை தவறுதலாக முடங்கியதாகச் சொல்லி நிறுவனம் மீட்டுத் தந்தது, செய்திகளை மட்டும் அப்போது திறந்துவிடவில்லை. சில நாட்களிலேயே அரசு திருத்தங்களுக்கு இணங்கியது. பிப்ரவரி 25 அன்று நிறைவேறியது அந்தத் திருத்திய சட்டம்தான்.

அச்சட்டம் குறையற்றது என்று நான் வாதாடவில்லை. அதனால் பயன்பெறவிருந்த நிறுவனங்களில் ஊடக அதிபர் ரூப்பர்ட் மர்டாக்கின் நிறுவனமும் ஒன்று. ஆஸ்திரேலிய நாளிதழ்களில் பெரும்பங்கை வைத்திருக்கும் அதுவும் லேசுப்பட்டதல்ல. ஆயினும் சட்டம் பிழையென்றால் நீதிமன்றம் இருக்கிறது, தேர்தல் இருக்கிறது. மக்கள் செய்தி அறியும் வழியை அடைத்துவிட்டு அரசிடம் பேரம் பேசுவது, மாற்றுவழி இல்லாத அளவுக்கு வளர்ந்துவிட்டவருக்கே இயலும். (இதையும் ஃபேஸ்புக்கில்தான் எழுதுகிறேன், வேறெங்கு எழுதினால் நீங்கள் படிப்பீர்கள்?)

கனடாவில் இணக்கமே ஏற்படவில்லை. 2023 ஜூனில் அங்கும் இத்தகைய சட்டம் நிறைவேற, ஆகஸ்டில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா தன் இரு தளங்களிலும், ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும், செய்திகளை நிறுத்தியது. அதே மாதம் காட்டுத்தீ நெருங்கியதால் யெல்லோநைஃப் நகரத்தார் ஏறத்தாழ 20,000 பேர் வெளியேற நேர்ந்தபோது, உள்ளூர்ச் செய்தி இணைப்புகளை அத்தளங்களில் பகிர முடியவில்லை. தடையை விலக்குமாறு அரசு கேட்டும் நிறுவனம் மசியவில்லை.

இரண்டு தளங்களும் ஒரே கையில் சேர்ந்தது எப்படி? 2012-இல் இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்கும், 2014-இல் வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கும் வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தபோது, வணிகப் போட்டியைக் காக்க வேண்டிய அமெரிக்க வணிக ஆணையம் தடுக்கவில்லை. 2020-இல் விழித்துக்கொண்டு, இது ஏகபோகம் என்று வழக்குத் தொடுத்த அதே ஆணையம் 2025 நவம்பரில் தோற்றது. டிக்டாக்கும் யூடியூபும் போட்டியாக இருக்கின்றன என்பது நீதிபதியின் முடிவு. பொழுதுபோக்குக் காணொளிக்கு அது பொருந்தலாம். தீ சூழ்ந்த ஊரில் எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று தேடுபவரை அந்தக் கணக்கில் எங்கே சேர்ப்பது என்பதை எந்த நாட்டுப் போட்டிச் சட்டமும் இன்னும் தெளிவாக வரையறுக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.