சாளையை அளந்தவர் பதிலும் சொல்ல வேண்டும்

குளச்சலில் ஏலக்கூச்சலுக்கு நடுவே அளவுகோலும் குறிப்பேடுமாக நிற்கும் மீன்வள ஆராய்ச்சியாளர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஒரு சாளையின், அதாவது மத்தி மீனின், நீளத்தை அளப்பார்கள், வயிற்றைக் கீறிச் சினை எந்த அளவுக்கு முற்றியிருக்கிறது என்று பார்ப்பார்கள். தலையைப் பிளந்து, குருணையளவுகூட இல்லாத காதுக்கல்லை இடுக்கியால் எடுப்பார்கள். நுண்ணோக்கியில் வைத்தால் அதில் வளையங்கள் தெரியும். குஞ்சு மீன் என்றால் வளையத்தை எண்ணி அதன் வயதை நாள்கணக்கில் சொல்லிவிடலாம்.

இந்த வேலை எதற்கு என்று கேட்பவர்கள் கேரளத்தைப் பார்க்கட்டும். 2012இல் ஏறத்தாழ 3.9 லட்சம் டன் சாளை பிடிபட்ட அந்தக் கரையில் 2021இல் கிடைத்தது வெறும் 3,297 டன். கடல் வெப்பமும் மழையின் மாற்றமும் ஒருபுறம், குஞ்சுகளை வாரி எடுத்தது மறுபுறம். 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளையைப் பிடிக்கக் கூடாது என்று 2015இலேயே அங்கே விதி வந்துவிட்டது. கொச்சியில் மீன் இறக்கும் நம் தூத்தூர் பகுதிப் படகுகளும் அந்த விதிக்கு உட்பட்டவைதான்.

என் ஆதங்கம் வேறு. அளந்த கணக்கு கரைக்குத் திரும்புவதே இல்லை. நம் குமரி மாவட்டத்தில் மட்டும் இரண்டு மீன்பிடித் தடைக்காலங்கள்: சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஏன் இப்படி என்று விசைப்படகில் கூலிக்குப் போகிறவரிடம் யார் விளக்கியிருக்கிறார்கள்? சாளை பெரிதும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் முட்டையிடுகிறது, அதனால் மேற்குத் தடைக்கு நியாயம் சொல்லலாம். களவா மீனுக்கும் கணவாய்க்கும் அதே பதில் போதுமா? இரண்டு மாத வருமானத்தை இழக்கிறவருக்கு இதைக் கேட்கும் உரிமை இல்லையா?

கடலடிப் பாறைத் திட்டுகளான பார்களில் எதில் எந்த மாதம் களவா கூடும் என்பது எங்கள் பெரியவர்களுக்குத் தெரியும். மீன் வரவர சிறுத்துப்போவதைக் கூடை சுமந்து விற்கும் பெண்கள்தான் முதலில் கவனிக்கிறார்கள். கேள்வித்தாளை நிரப்ப மட்டும் இவர்களைத் தேடி வந்தால் போதாது.

ஆய்வு முடிந்ததும் ஒரு மாலை எங்கள் தேவாலயப் பங்கு மக்களின் பங்குப்பேரவைக் கூட்டத்துக்கு வாருங்கள். கண்டறிந்ததைத் தமிழில் சொல்லுங்கள். மீன்வளத்துறை அதிகாரியும் உடன் இருக்கட்டும். எங்கள் ஆட்கள் எதிர்க்கேள்வி கேட்பார்கள், கோபப்படவும் செய்வார்கள். அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்; அடுத்த தடைக்கால உத்தரவு வருவதற்கு முன்பே அது அரசின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.