நாய்க்குத் தொப்பி மாட்டிய ஞாயிற்றுக்கிழமை

அமெரிக்க ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி ஒரு நாயைப் பார்த்துப் பாடும் வீடியோ யூடியூபில் இருக்கிறது. 1956 ஜூலை 1, ஸ்டீவ் ஆலன் ஷோ. வெள்ளை டையும் வால் கோட்டுமாகக் கல்யாண மாப்பிள்ளை போல எல்விஸ். எதிரே காது தொங்கும் பாசெட் ஹவுண்ட் ஒன்று, அதன் தலையிலும் தொப்பி. பாட்டு 'ஹவுண்ட் டாக்'. பாட்டில் நாய் வருகிறது, அதனால் மேடையிலும் நாய். அவ்வளவுதான் ஜோக்.

பழைய டிவி காமெடியின் பொக்கிஷம் என்று இதைப் பகிர்கிறார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் எரிச்சல்தான் வருகிறது.

காரணம், அதற்கு நாலு வாரம் முன்னால் நடந்தது. ஜூன் 5, செவ்வாய்க்கிழமை, மில்ட்டன் பெர்ல் ஷோ. பெர்லை இப்போது யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. 1948-இல் 'டெக்ஸகோ ஸ்டார் தியேட்டர்' தொடங்கியபோது அமெரிக்காவில் டிவி வைத்திருந்த வீடே குறைவு. அவரைப் பார்க்கவே பலர் டிவி வாங்கினார்கள். 'மிஸ்டர் டெலிவிஷன்' என்றே பெயர். புடவைக் கடை பொம்மை மாதிரி பெண் வேடம் கட்டிக்கொண்டு வருவார், விருந்தாளி பேசும்போது குறுக்கே விழுவார். அடக்கம் என்றால் என்ன விலை என்று கேட்கிற மனுஷன்.

அவர் மேடையில்தான் எல்விஸ் கிடாரைக் கையில் எடுக்காமல் இதே பாட்டைப் பாடினார். கடைசியில் வேகத்தைப் பாதியாகக் குறைத்து இடுப்பை ஆட்டினாரே, மறுநாள் பத்திரிகைகள் கொதித்தன. பாட்டு முடியும்வரை பெர்ல் குறுக்கே வரவில்லை. முடிந்த பிறகு வந்தார், அதே ஆட்டத்தைக் கோணலாக ஆடிக் காட்டினார். கூட்டம் சிரித்தது பெர்லைப் பார்த்து. விருந்தாளி விருந்தாளியாகவே இருந்தார்.

ஆலன் விஷயம் வேறு. அவர் சாமானியர் இல்லை. நல்ல பியானோக்காரர், புத்திசாலி. ஆனால் ராக் என்றால் இளக்காரம். ராக் பாட்டு வரிகளைக் கவிதை போல நிதானமாக வாசித்துக் கிண்டல் செய்தவர். சரி, பிடிக்கவில்லை என்றால் கூப்பிடாமல் இருந்திருக்கலாமே? பார்வையாளர்கள் வேண்டும், அதற்கு எல்விஸ் வேண்டும். ஆனால் கை கால் ஆட்டாத எல்விஸ். அந்த 21 வயதுப் பையன் முகம் சுளிக்காமல் நாயைத் தடவிக் கொடுத்துப் பாடி முடித்தான் என்பதுதான் அந்த வீடியோவில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம்.

மறுநாள் நியூயார்க் ஸ்டுடியோ வாசலில் ரசிகர்கள், எங்களுக்கு நிஜ எல்விஸ் வேண்டும் என்று அட்டை பிடித்து நின்றார்கள். உள்ளே அவர் அதே பாட்டை 31 டேக் எடுத்தார். முந்தின ராத்திரிக் கோபம் முழுக்க அந்த இசைத்தட்டில் இருக்கிறது என்பது என் கட்சி. கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் எட் சல்லிவன். அதே நேரத்தில் வேறு சேனலில் ஷோ நடத்தி, அந்த ஞாயிறு ஆலனிடம் ரேட்டிங்கில் தோற்றவர். எல்விஸை மேடை ஏற்றவே மாட்டேன் என்றிருந்தவர், மூன்று நிகழ்ச்சிக்கு 50,000 டாலர் கொடுத்தார். செப்டம்பர் 9 அன்று முதல் நிகழ்ச்சி, ஏறக்குறைய 6 கோடிப் பேர் பார்த்தார்கள். கார் விபத்தில் அடிபட்டுக் கிடந்த சல்லிவனுக்குப் பதில் நடத்தியவர் நடிகர் சார்ல்ஸ் லாட்டன். 1957 ஜனவரியில் மூன்றாவது தடவை வந்தபோது கேமரா இடுப்புக்குக் கீழே இறங்கவே இல்லை. முழு ஆளுக்குக் காசு கொடுத்துவிட்டுப் பாதி ஆளைக் காட்டினார் மனுஷன்.