டெல்டா படகுக்காரர்கள் ஒரே சங்கமாகச் சேர வேண்டும்

"இந்தப் படகுக்கு நம்பர் எங்கே?"

போன ஐப்பசியில், அணைக்கரைக்கு மேற்கே கொள்ளிடக் கரையில் எங்களை நிறுத்திக் கேட்ட கேள்வி இது. கேட்டவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் அந்த நம்பருக்காக நானும் கும்பகோணத்து நண்பர்களும் ஏறி இறங்கிய படிகளை அவரிடம் எப்படிச் சொல்வது? ஒரு அலுவலகத்தில் "மீன் பிடிக்கிற படகு இல்லையே, எங்களுக்குச் சம்பந்தம் இல்லை" என்றார்கள். இன்னொன்றில் "ஆறுதான் எங்கள் பொறுப்பு, படகு இல்லை" என்றார்கள். மூன்றாவது இடத்தில் மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒன்றரை வருடம் ஆகிறது, பதில் இல்லை.

பதினாறடி ஃபைபர் படகு. பத்துக் குதிரைத்திறன் இன்ஜின். எட்டுப் பேர் பங்கு போட்டு வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் நாணல் ஓரமாகப் போய், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவோம். கேள்வி வந்த நாளிலிருந்து அந்தப் படகு கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. நம்பர் கிடைக்கும்வரை தண்ணீரில் இறக்குவதில்லை என்று எட்டுப் பேரும் முடிவு செய்துவிட்டோம். கேட்டவர் கேட்டது சரி. அதற்கு வழி இல்லாததுதான் தப்பு.

சட்டம் இல்லாமல் இல்லை. 1917-ஆம் வருடத்துச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2021-இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் என்று நாடு முழுவதற்கும் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இன்ஜின் வைத்த படகுக்குப் பதிவு, தகுதிச் சான்று, காப்பீடு எல்லாம் அதில் இருக்கிறது. துடுப்புப் போட்டு ஓட்டும் படகுகளைக்கூட மாவட்டம், வட்டம், ஊராட்சி அளவில் பட்டியலில் சேர்க்க இடம் வைத்திருக்கிறார்கள். நல்ல சட்டம் என்றுதான் சொல்வேன். அதைக் கிராமத்துப் படித்துறை வரைக்கும் கொண்டுவர வேண்டியது மாநிலமும் மாவட்டமும். கொண்டுவரச் சொல்லிக் கேட்க வேண்டியது நாம். நாம் கேட்கிறோமா? தனித்தனியாகக் கேட்கிறோம். கும்பகோணத்தில் எட்டுப் பேர், திருவையாற்றுப் பக்கம் கயாக் ஓட்டும் இளைஞர்கள், சிதம்பரத்தில் ஒரு குழு, முத்துப்பேட்டையில் ஒரு குழு, தரங்கம்பாடியில் பாய்மரம் பழகும் நாலைந்து பேர். ஒருவர் மனு இன்னொருவருக்குத் தெரியாது.

இதில் மாவட்ட எல்லை வேறு. கொள்ளிடத்தின் தென்கரை தஞ்சாவூர் என்றால் எதிர்க்கரை அரியலூர். கீழே போகப் போக ஒரு பக்கம் மயிலாடுதுறை, மறுபக்கம் கடலூர். நடு ஆற்றில் மிதக்கும் படகு எந்தக் கலெக்டருக்கு மனு எழுதுவது? விவசாயிகளுக்கு மாதாமாதம் குறைதீர் நாள் கூட்டம் இருக்கிறது. அதில் எழுந்து நின்று "என் வாய்க்காலுக்குத் தண்ணி வரல" என்று கலெக்டர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிறது. அந்த உரிமை சும்மா வரவில்லை. சங்கம் சங்கமாக நின்று வாங்கினார்கள்.

திருவாரூர் கமலாலயத்துத் தெப்பத்தை அருகில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே அலங்காரம், பாட்டுக் கச்சேரி, நூற்றுக்கணக்கில் ஜனம். அடியில் இருப்பது வெறும் பேரல்கள். ஒற்றைப் பேரலைக் குளத்தில் போட்டு ஏறி நின்றால் உருட்டித் தள்ளிவிடும். நாம் இப்போது கட்டாத பேரல்களாக மிதந்துகொண்டிருக்கிறோம்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரை ஏறியது. முத்துப்பேட்டை அலையாத்திக் காடே முறிந்து கிடந்தது. அந்தப் பக்கம் நிறுத்தியிருந்த என் நண்பர் ஒருவரின் படகு இரண்டு துண்டு. சேதக் கணக்கு எடுக்க வந்தவர்கள் மீனவர் படகுகளை எழுதினார்கள். அதுதான் நியாயம், அவர்களுக்கு அது சோறு. நண்பர் நிவாரணம் கேட்கவில்லை, காப்பீட்டுப் பணத்தைத்தான் கேட்டார். பிரீமியம் வாங்கும்போது கேட்காத பதிவு எண்ணை, பணம் கொடுக்கும்போது கேட்டார்கள். இல்லாத எண்ணுக்கு எங்கே போவது? அத்தோடு விட்டுவிட்டார். கூட நிற்க யாரும் இல்லை என்பதால் விட்டுவிட்டார்.

வரி விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் பொழுதுபோக்குப் படகுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். கோடிக்கணக்கில் விலை போகும் உல்லாசக் கப்பலும் எட்டுப் பேர் சீட்டுக் கட்டி வாங்கும் ஃபைபர் படகும் ஒரே அடுக்கில். இதை டெல்லி வரை கொண்டுபோக எட்டுப் பேரால் ஆகுமா?

உரிமை பேசுகிற அதே மூச்சில் இன்னொன்றையும் பேச வேண்டும். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரில் மறுபடி 22 பேர். தானூரில் கவிழ்ந்தது மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய படகு. இருட்டிய பிறகு, அளவுக்கு மேல் ஆள் ஏற்றி ஓட்டியிருக்கிறார்கள். குழந்தைகள் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த இரவு எனக்குத் தூக்கம் இல்லை, ஏனென்றால் நானும் ஒருமுறை "ஒரு ஆள்தானே, ஏறட்டும்" என்று சொன்னவன்தான். அன்று ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் எல்லோருக்கும் சேர்த்துத் தடை வருகிறது. ஒழுங்காக ஓட்டுபவன் யார், ஓட்டாதவன் யார் என்று பிரித்துக் காட்ட நம்மிடம் ஒரு ஏடு இல்லை. சங்கம் அமைந்தால் அதன் முதல் விதி, லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகு கரையை விட்டு நகரக் கூடாது என்பதாக இருக்க வேண்டும். இரண்டாவது விதி, பொழுது சாய்ந்த பிறகு ஆள் ஏற்றக் கூடாது. மீறினால் நம் ஆளே ஆனாலும் உறுப்பினர் அட்டை பறிபோக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அலையாத்திக் காடு பற்றியும் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் பிச்சாவரம் 2022-இல் சேர்ந்தது. அந்தச் சுரபுன்னை வேர்களுக்கு நடுவே நம் இன்ஜின் படகுகள் போக அனுமதி கேட்பது தவறு. அலை அடித்துக் கரை கரைகிறது, பறவைகள் கூட்டை விட்டு ஓடுகின்றன. சுனாமி அன்று பின்னால் இருந்த ஊர்களைக் காப்பாற்றிய காடு அது. நம் நண்பர்கள் சிலர் இதில் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும், கூட்டத்தில் பேசுவோம்.

நாம் கேட்க வேண்டியது வேறு. பதிவுக்கு ஒரே இடம், எந்த மாவட்டத்துக்காரரும் போகக் கூடிய இடம். திருச்சி முக்கொம்பு அணையிலிருந்து கொள்ளிடத்தில் உபரி நீர் திருப்பும்போது, கரையோர மக்களுக்கு அனுப்பும் எச்சரிக்கை படகு வைத்திருப்பவரின் கைப்பேசிக்கும் நேராக வர வேண்டும். இத்தனை ஆயிரம் கன அடி, இந்த நேரம் என்று. இப்போது டிவியைப் பார்த்து ஓடி, படகை இழுப்பதற்குள் தண்ணீர் படி ஏறிவிடுகிறது. படகை இறக்க நாலைந்து இடத்தில் சரிவுத் துறை வேண்டும். ஆகாயத் தாமரை வாரும்போது படித்துறை முகப்பையும் சேர்த்து வாரச் சொல்ல வேண்டும். வெள்ளக் காலத்தில் ஆற்றுத் தடையை மதிப்போம். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகும் மாதக்கணக்கில் நீளும் தடைக்கு முடிவுத் தேதி வேண்டும். வெள்ளத்தில் ஊர் சூழ்ந்தால் நம் படகும் ஆளும் எங்கே இருக்கின்றன என்ற பட்டியலை நாமே கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்து வைப்போம். 2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் லாரியில் படகை ஏற்றிக்கொண்டுபோய் மனிதரை மீட்டார்கள். கூப்பிட்டால் நாமும் போக வேண்டும்.

இனி எனக்கு மிகவும் உறைத்த விஷயம். கிள்ளையில் ஒரு மீனவ அண்ணனிடம் இந்தச் சங்க யோசனையைச் சொன்னேன். வலை பொத்திக்கொண்டே கேட்டார். பிறகு, "நீங்க பொழுதுபோக்க வர்றீங்க தம்பி. உங்க இன்ஜின் என் வலையக் கிழிச்சா நான் யார்கிட்ட கேக்கறது? ஒருத்தன் நின்னதில்ல" என்றார்.

வீடு வரும்வரை அதே நினைப்பு. நாம் ஆறுகளில் பேரும் ஊரும் தெரியாமல் வந்து போகிறோம். நமக்கு முகவரி இல்லை என்று நாம் புலம்புகிறோம். நம்மிடம் நியாயம் கேட்க வருபவருக்கும் அந்த முகவரி இல்லை. சங்கம் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இப்போது இதுதான் முதல் காரணம். வலை கிழிந்தால் படகு எண்ணைப் பார்த்துச் சங்கத்துக்கு வரட்டும். சங்கம் விசாரித்துப் பணத்தைக் கட்டட்டும். அதற்கென்று சந்தாவில் ஒரு பகுதியை ஒதுக்குவோம். இதைச் செய்யாமல் நாம் மட்டும் மனு எழுதினால் ஆற்றங்கரையில் ஒருவரும் நம்மோடு நிற்க மாட்டார்கள்.

சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் இருந்தால் ஆரம்பிக்கலாம். சென்னையில் 1867-இலிருந்து போட் கிளப் இருக்கிறது. அப்படி ஒரு பெரிய கிளப்பை நான் கேட்கவில்லை. இருக்கிற குழுக்கள் தத்தம் பெயரோடும் பழக்கத்தோடும் இருக்கட்டும். குழுவுக்கு இருவர் வந்து உட்காரும் ஒரு கூட்டமைப்பு போதும். துடுப்புக்காரரும் இன்ஜின்காரரும் சம எண்ணிக்கையில்.

மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடிவிடுவார்கள். பிறகு ஆற்றில் மணல்தான், நமக்கும் வேலை இல்லை. பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்குக் கும்பகோணத்தில் கூடலாம். இடத்தைக் கேட்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். வருபவர்கள் படகின் நீளம், இன்ஜின் திறன், நிறுத்தும் துறை, கையில் எத்தனை லைஃப் ஜாக்கெட் என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். இதுவரை கொடுத்த மனுக்களின் நகலும் வேண்டும்.

கிள்ளை அண்ணனை மறுபடி போய் அழைத்தேன். "வர்றேன், ஆனா வலை விஷயத்த மொதல்ல பேசணும்" என்றார். முதல் பொருளாக அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.